எச்சில் பட்ட பீங்கான்

சென்னியப்பன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஓர் எண்ணைத் தவிர மற்ற எல்லாம் அச்சுக்குத் தயாராகிவிட்டன. முகூர்த்த நேரத்துக்குக் கீழே, 'பிடிப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. அங்கே போட வேண்டிய எண்ணை வாங்கிப் போகத்தான் பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா மூவரும் காலை பத்து மணிக்கே கோவை இணைப்பல் சான்று நிலையத்துக்கு வந்திருந்தார்கள்.

"நாப்பதுக்கு மேல வந்துருமுங்களா டாக்டர்?" என்றார் சென்னியப்பன். ஊரெல்லாம் தண்ணீர் பம்புகள் விற்கிறவர். "என்ற மாமன் பேத்திக்கு முப்பத்தெட்டுதான் வந்துச்சு. அதுக்கே மண்டபத்து வாசல்ல போர்டு வெச்சுப்போட்டாங்க."

டாக்டர் மரகதம் கையுறையை மாட்டிக்கொண்டாள். "ஒட்டறது மட்டுந்தானுங்க என் வேலை. அளவைப் பிடிப்புமானி சொல்லும்."

அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. பார்க்காமலே தெரியும். பிரகதீஸ் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பான். வலது கால் ஆடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு பதினொரு மாதம் அவள் அவனுடைய மனைவியாக இருந்தாள்.

இணைப்பல் என்பது ஒரே சிர்கோனியாப் பீங்கான் கட்டியிலிருந்து வெட்டி எடுக்கும் இரண்டு பல்லுறைகள். ஒன்று கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு. இருவருக்கும் இடது கீழ்க் கடைவாய்ப்பல்லை ராவி, அதன்மேல் உறையை ஒட்டுவார்கள். உறைக்குள் கடுகைவிடச் சிறிய உணரி ஒன்று இருக்கும். மனிதர்கள் கோபத்தை அடக்கும்போதும், அழுகையை விழுங்கும்போதும், நாக்கு நுனிவரை வந்த சொல்லை உள்ளே தள்ளும்போதும் தங்களை அறியாமல் பல்லைக் கடிக்கிறார்கள். அப்போது ஒரு வாயில் பல் எவ்வளவு நெரிபடுகிறதோ, எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் மற்ற வாயில் உள்ள பல் அவ்வளவு கனக்கும். என்ன விஷயம் என்று அது சொல்லாது. ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அவினாசி சாலைப் பேருந்துகளில் ஆண்கள் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னாச்சு கண்ணு?" என்று வீட்டுக்குப் பேசுவதை யாரும் இப்போது வேடிக்கை பார்ப்பதில்லை. இணைப்பல் வைத்துக்கொள்ளாத தம்பதிகளைத்தான் பார்க்கிறார்கள். மறைக்க என்ன இருக்கிறதோ என்று பேசிக்கொள்கிறார்கள்.

இத்தனையும் ஒரு பசையை நம்பி நிற்கிறது. ராவிய பல்லுக்கும் பீங்கானுக்கும் நடுவில் இருக்கும் பிசின் சிமெண்ட் இறுகப் பிடித்தால்தான் நெரிசல் உணரிக்குப் போய்ச் சேரும். பிடிப்பு தளர்ந்தால் பல் ஊமை. அதனால்தான் பிடிப்பை அளக்கிறார்கள். அளந்ததைப் பத்திரிகையில் போடுகிறார்கள். ஜாதகத்தை மறந்துவிட்டு வந்த சம்பந்திகள்கூட எண்ணைக் கேட்க மறப்பதில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லீங்களே?" சென்னியப்பன் குரலைத் தாழ்த்தவில்லை. "ஊருக்குள்ள நாலு விதமாப் பேசறாங்க. மொதல் சம்சாரம் வெச்ச பல்லே நிக்கல, இந்தாளுக்கு எது நிக்கப் போகுதுன்னு. அதனாலதானுங்க உங்ககிட்டயே கூட்டியாந்தேன். உங்க கையால நாப்பது வந்துச்சுன்னா, அதுக்கு மேல எவனாவது வாயத் தொறப்பானுங்களா?"

"அப்பா" என்றாள் நித்திலா. முப்பத்திரண்டு வயது. அப்பாவின் ஆலையில் பம்புகளின் கசிவுச் சோதனையைப் பார்த்துக்கொள்பவள். அப்பாவின் பேச்சுக்குத் தானே கூச்சப்பட்டு மரகதத்தைப் பார்த்துச் சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க்கா."

"இல்லம்மா. அப்பா சரியாத்தான் யோசிச்சிருக்காரு."

சரியாகத்தான் யோசித்திருந்தார். எண் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குப் புரிந்தது. பழி வாங்கிவிட்டாள் என்று ஊர் சொல்லும். இந்தப் பல்லை மோசமாக ஒட்டும் சுதந்திரம் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் இல்லை.

அந்த முதல் பல் விழுந்தது நாத்தனார் வீட்டு வளைகாப்பில். எண்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் தயிர்ப் பச்சடிக்கும் நடுவே, பிரகதீஸின் இலையில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. மாமியார் அதை இரண்டு விரலால் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினாள். "பல் டாக்டருன்னு கட்டி வெச்சோம். கட்டுன புருசனுக்கு ஒரு பல்லு வெக்கத் தெரியல." பந்தி முழுவதும் சிரித்தது. பிரகதீஸும் சிரித்தான். இணைப்பல் ஓராண்டுக்குள் தானாக விழுந்தால் கேள்வி இல்லாமல் கல்யாணம் ரத்தாகும் என்பது சட்டம். மறுவாரமே அவன் மனுப் போட்டான். அந்த மாதமே அவளுடைய கிளினிக்கின் நாற்காலிகள் காலியாகின. தன் வாயிலிருந்த இணைப்பல்லைக் கழற்றிவிட்டு, அந்த ராவிய பல்லின் மேல் அவள் உணரி இல்லாத ஊமைப்பல் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். பிடிப்புத் தேர்வை மறுபடியும் எழுதி, வெளியூர்களில் உதவியாளராக வேலை பார்த்து, ஊரில் பெயரைத் திரும்ப வாங்கப் பதினொரு வருடங்கள் ஆயின.

விழுந்த உறையை அவள் அன்று மாலையே உருப்பெருக்கியில் பார்த்தாள். உள்பக்கம் கழுவிய கோப்பை போலப் பளபளவென்று இருந்தது. பசை முழுவதும் அவன் பல்லிலேயே தங்கிவிட்டிருந்தது. பல் தன் வேலையைச் செய்திருக்கிறது. பசையும் செய்திருக்கிறது. பீங்கான்தான் பசையை ஏற்கவில்லை. ஒட்டும் நாளன்று எல்லாம் தயார் செய்து முடித்த பிறகு அவன் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஒருக்கா போட்டுப் பாத்துக்கட்டுமா? கடி சரியா இருக்குதான்னு." கேட்டவன் பல் மருத்துவம் தெரியாதவன் அல்ல, பல்லுறைகளை வெட்டும் பீங்கான் கூடத்தின் தலைமைத் தொழில்நுட்பர். உறையை வாயில் வைத்து நாக்கால் உருட்டி, தண்ணீரில் கழுவிக் கொடுத்தான். புது மாப்பிள்ளையின் ஆவல் என்று அவள் சிரித்துவிட்டாள். நல்லபடி கழுவியிருக்கிறதே என்று மேலே எதுவும் செய்யாமல் ஒட்டிவிட்டாள்.

எச்சிலில் உள்ள பாஸ்பேட்டுக்குச் சிர்கோனியாவின் மேல் அப்படியொரு மோகம். பசை வந்து உட்கார வேண்டிய இடங்களில் எல்லாம் பேருந்து சீட்டில் துண்டு போடுவது போல முன்கூட்டியே இடம் போட்டுவிடும். தண்ணீருக்கு அது அசையாது. முதல் நாள் மானியில் நல்ல எண் வரும். பிறகு ஈரம் உள்ளே நுழைந்து, சில நாட்களிலேயே பல்லை ஊமையாக்கி, ஒரு வருடத்துக்குள் பிடிப்பை முழுக்க அரித்துவிடும்.

அந்தப் பதினொரு மாதமும் அவள் பல்லில் எதுவுமே கனத்ததில்லை. இவ்வளவு அமைதியான மனுஷனா என்று தோழிகளிடம் பெருமைப்பட்டிருக்கிறாள். அவனிடமிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்பது தெரியாமல்.

"மேடம், உறை ரெடி" என்றாள் டாக்டர் ரெஜினா. மரகதத்தின் கீழ் வேலை பார்ப்பவள், கைச்சுத்தக்காரி. மணல்தூவியால் உறையின் உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, முதற்பூச்சும் கொடுத்து, சிறு தட்டில் வைத்திருந்தாள்.

பிரகதீஸ் சாய்வு நாற்காலிக்கு வந்தான். அவனுக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. சென்னியப்பன் தொடங்கப்போகும் பீங்கான் ஆலைக்கு அவன்தான் பங்குதாரர் என்று ஊரில் பேச்சு.

"எப்படி இருக்கீங்க டாக்டர்?"

"வாயைத் திறங்க."

அவன் திறக்கவில்லை. தட்டிலிருந்த உறையைப் பார்த்தான். "ஒருக்கா போட்டுப் பாத்துக்கட்டுமா? கடி சரியா இருக்குதான்னு."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. மரகதத்தின் கை தானாகவே உறையை எடுத்து அவனிடம் நீட்டியது. அவன் வாயில் போட்டான். கன்னத்துக்குள் அது உருள்வதை அவள் பார்த்தாள். கடியைப் பார்க்க ஒரு நொடி போதும். அவன் ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டான். பிறகு தொட்டியில் அலசி, காகிதத்தில் துடைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"சரியா இருக்குதுங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்ததும் ரெஜினா மெல்லக் கேட்டாள். "எச்சில் பட்டுருச்சு மேடம். வேணும்னே பண்ணுன மாதிரி இருந்துது. பதிவேட்டுல எழுதிடட்டுமா?"

எழுத வேண்டும் என்பது விதி. எழுதினால் பெண் வீட்டுக்குத் தகவல் போகும். கல்யாணம் நிற்கும். பிரகதீஸ் தோளைக் குலுக்கிவிட்டு வேறு ஊரில் வேறு பெண்ணைப் பார்ப்பான். பொறாமை பிடித்தவள் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசும். எழுதாமல் அப்படியே ஒட்டினால் பல் விழும், பழைய கதை மறுபடி அவள் தலையில்.

தடுப்புக்கு அப்பால் நித்திலா அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரகதீஸ் நிம்மதியாகக் கால் ஆட்டிக்கொண்டிருந்தான். தப்பிக்க ஒரு வாசல் வைத்துவிட்ட நிம்மதி. அந்த வாசல் சுவராகிவிட்டால் என்ன செய்வான் என்று மரகதம் நினைத்துப் பார்த்தாள். ஒரு பெண்ணின் ஒவ்வொரு வருத்தமும் நாள்தோறும் இவன் தாடையில் வந்து இறங்க வேண்டும். இன்று விழும், நாளை விழும் என்று நாக்கால் தடவித் தடவிப் பார்த்து ஏமாற வேண்டும். காலம் முழுக்க.

"எழுத வேண்டாம்" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அவள் உறையை மறுபடியும் மணல்தூவியின் கீழ் வைத்தாள். சுத்திகரிப்புப் பசையைத் தடவி இருபது நொடி எண்ணினாள். சீட்டில் போட்ட துண்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு போகிற பசை அது. கழுவினாள், உலர்த்தினாள். முதற்பூச்சை ஒருமுறைக்கு இருமுறை கொடுத்து ஒரு முழு நிமிடம் காத்திருந்தாள். அவன் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் போட்டு, மூச்சின் ஈரம்கூடப் படாமல் காத்தாள். பிசின் சிமெண்டை வைத்து, உறையை அழுத்தி, நான்கு பக்கமும் நீல ஒளி காட்டினாள். காற்றுப் படுகிற விளிம்பில் பசை அரைகுறையாகவே இறுகும் என்பதால் அங்கே கிளிசரின் தடவி மறுபடியும் ஒளி காட்டினாள். தன் வாழ்நாளில் எந்தப் பல்லுக்கும், அன்பு வைத்துச் செய்த பல்லுக்கும்கூட, அவள் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

அடுத்து நித்திலா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அதே கவனம். ஒன்று பழுதானால் மற்றதும் பேசாது.

"அக்கா, இது எத்தனை நாளைக்கு வருமுங்க?"

"நீ இருக்கற வரைக்கும்" என்றாள் மரகதம்.

ஜோடி அளவு அறுபத்தொன்று வந்தது. மாநிலத்தில் அதுவரை ஐம்பத்து மூன்றைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. ரெஜினா மானியைத் தட்டிவிட்டு இரண்டாம் முறை அளந்தாள். அறுபத்தொன்று. சென்னியப்பன் அங்கிருந்தே அச்சகத்துக்குப் பேசினார். "ஆறு, ஒண்ணு. எழுத்தைப் பெருசாப் போடுங்க."

"கை ராசி போகலீங்க டாக்டர்" என்றான் பிரகதீஸ். முதல் நாள் எண் பொய் சொல்லும் என்று தெரிந்தவனின் புன்னகை.

"இது நிக்குமுங்க" என்றாள் மரகதம்.

அதன்பிறகு அவள் காத்திருந்தாள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டாள். அறுபத்தொன்றைப் படித்துவிட்டுக் கரூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஜோடிகள் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் அதே முறையில் ஒட்டினாள். ஒவ்வொரு பல்லை ஒட்டும்போதும், இந்நேரம் அவனுக்கு வலிக்கத் தொடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். சாப்பாட்டு வேளையில்கூட அந்த நினைப்பு ருசியாக இருந்தது.

ஆண்டுச் சோதனைக்கு அவர்கள் இருவரும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். தட்டில் பழம், பூ, ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"இவருதான் வாங்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு" என்றாள் நித்திலா. கொஞ்சம் சதை பிடித்து, முகம் தெளிந்திருந்தாள். "நீங்களே சொல்லுங்க."

பிரகதீஸ் தரையைப் பார்த்துப் பேசினான். "மொத மூணு மாசம் பைத்தியம் பிடிச்சுருமாட்ட இருந்துச்சுங்க. இவ ஆலையில யாரையாவது திட்ட முடியாம நின்னாலும் எனக்குக் கனக்கும். சாந்தரம் நான் லேட்டாப் போனாலும் கனக்கும். கழட்டிப் போடலாம்னு கரும்பு தின்னேன். கமர்கட்டு தின்னேன்."

"ஒரு டப்பா கமர்கட்டு" என்றாள் நித்திலா. "எனக்கு ஒண்ணு குடுக்கல."

"அசையல. சரி, என்னன்னு கேட்டாவாச்சும் வலி நிக்குமேன்னு கேக்க ஆரம்பிச்சேன். கேட்டா நின்னுச்சுங்க. அப்புறம் அதே பழக்கமாப் போச்சு. இப்ப கனக்கறதுக்கு முன்னாடியே கேட்டுப்போடறேன்." அவன் நிமிர்ந்தான். "நல்லா இருக்கறமுங்க. அதச் சொல்லத்தான் வந்தோம்."

மரகதம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடம் ஊட்டி வளர்த்த ஆத்திரத்துக்குப் போக இடம் இல்லை. 'என்ன ஆச்சு?' என்று இவன் ஒருநாளாவது கேட்க மாட்டானா என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். அதைக் கேட்கிற மனிதனாக இவனை வெட்டி, தேய்த்து, பூசி, வேறொருத்திக்கு அவள் கையாலேயே கொடுத்திருக்கிறாள். அதற்குப் பட்டுப்புடவை.

வாழ்த்திவிட்டு அனுப்பியிருக்கலாம். ரெஜினா மானியை எடுத்து அளந்து, "இன்னும் அறுபத்தொண்ணுலயே நிக்குது மேடம்" என்றாள். நித்திலா கை தட்டினாள். "இத்தனை நல்லா வெக்கறீங்க. மொத தடவை மட்டும் எப்படிங்க்கா தப்பாப் போச்சு?"

அவள் வெள்ளையாகத்தான் கேட்டாள்.

"அதை உங்க வீட்டுக்காரரைக் கேளும்மா" என்றாள் மரகதம். "அவருக்குத்தான் தெரியும்."

பிரகதீஸின் தாடை எலும்பு காதுக்குக் கீழே மெல்ல எழுந்து நின்றது. அடுத்த நொடி நித்திலாவின் கை இடது கன்னத்துக்குப் போனது.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"இல்ல, கனக்குது. ஏதோ முழுங்கறீங்க. சொல்லுங்க."

ஒரு வருடத்தில் பழகிய பழக்கம். கேட்டால் சொல்வதும் அவனுக்குப் பழகிப்போயிருந்தது. மென்று விழுங்கிப் பார்த்தான். விழுங்க விழுங்க அவள் கன்னத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் சொன்னான். "அன்னிக்கு அந்தப் பல்லுல நான்தான் எச்சில் வெச்சேன். ஒட்டறதுக்கு முன்னாடி. வீட்டுல கட்டி வெச்ச கல்யாணம். ஒரு வழி இருக்கட்டும்னு நெனச்சேன். மரகதம் மேல ஒரு தப்பும் இல்ல."

மரகதம் பன்னிரண்டு வருடம் கேட்கக் காத்திருந்த வாக்கியம். சொல்லி முடித்ததும் அவன் தாடை இறங்கவில்லை. நித்திலாவின் கையும் கன்னத்தை விட்டு இறங்கவில்லை.

"இன்னும் கனக்குது" என்றாள். "இன்னும் என்ன?"

"நித்தி, வீட்டுக்குப் போயிப் பேசலாம்."

"நம்ம பல்லுலயுமா?"

அவன் ஆமென்று தலையசைத்தான். "உன்னய விட்டுட்டுப் போகோணும்னு இல்ல. கதவு சாத்தியிருந்தா எனக்கு மூச்சு முட்டும். அதுக்குத்தான். ஆனா இது விழவே இல்ல. எப்படி நின்னுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

நித்திலா பம்புகளில் கசிவு தேடுகிறவள். கசிய வேண்டிய இடத்தில் கசியவில்லை என்றால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மெதுவாக மரகதத்தின் பக்கம் திரும்பினாள்.

"எப்படிங்க நின்னுச்சு?"

"மறுபடி சுத்தம் பண்ணுனேன்."

"அப்ப பாத்தீங்க."

"பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்லல."

ரெஜினா மானியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"ஓடறதுக்கு வழி பாக்கற ஆளுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது" என்றாள் நித்திலா. குரல் உயரவில்லை. "தெரிஞ்சும் எனக்கு ஒட்டி வுட்டீங்க. அவரை அடிக்கறதுக்கு என்னயக் கையில எடுத்துக்கிட்டீங்க."

"நல்லா இருக்கறதா இப்பத்தானேம்மா சொன்னே?"

"அது உங்களுக்கு முன்னாடி தெரியுமுங்களா?"

நித்திலா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இதை எடுக்க முடியுங்களா?"

"ஐம்பதுக்கு மேல போயிட்டா தனியா வராது. அறுத்தாலும் பசை எங்க முடியுது, பல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு வெட்டற சக்கரத்துக்குத் தெரியாது. வேரோட பிடுங்கோணும். ரெண்டு பேருக்கும்."

"நான் எதுக்குங்க பல்லைப் பறிகொடுக்கோணும்? நான் என்ன பண்ணுனேன்?" அவள் கன்னத்திலிருந்த கையை இறக்கினாள். "இவரையும் நான் விடப் போறதில்ல. விட்டா அது இவருக்குத்தான் தோது. இருக்கட்டும். எங்க பல்லு வெட்டுன கட்டியில மீதி உங்ககிட்டத்தானே இருக்கும்? ஒடஞ்சா மறுபடி வெட்டறதுக்குன்னு ரசீதுல போட்டிருந்துது."

"ஏழு வருஷம் வெச்சிருப்போம்."

"அதுல இன்னொரு பல்லு வெட்டுனா, அதுக்கும் கனக்குமுங்களா?"

ரெஜினா ஜன்னலிலிருந்து திரும்பினாள். மரகதத்துக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "கனக்கும். மூணுக்கும் ஒண்ணுக்கொண்ணு கனக்கும். அப்படி யாரும் வெச்சுக்கிட்டதில்ல."

"நீங்க வெச்சுக்கோங்க."

"நித்தி" என்றான் பிரகதீஸ்.

"நீங்க சும்மா இருங்க." அவள் மரகதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கும் அது ராவுன பல்லுதானே? ஊமைப்பல்லுதானே போட்டிருக்கீங்க? இவரு பண்ணுனதும் நீங்க பண்ணுனதும் எனக்குத்தான் உள்ள உக்காந்திருக்குது. நான் பல்லைக் கடிக்கறப்ப ரெண்டு பேருக்கும் தெரியட்டும். முடியாதுன்னா சொல்லுங்க. எச்சில் பட்டதைப் பாத்தும் பதிவேட்டுல எழுதாம வுட்டதை நான் மேலிடத்துக்கு எழுதறேன். இந்த டாக்டரம்மாவும் பாத்திருப்பாங்க. கேட்டா பொய் சொல்ல மாட்டாங்க."

ரெஜினா மறுக்கவில்லை.

சான்று முத்திரை போகும். பெயர் போகும். இந்தப் பெயரை வாங்கத்தான் இத்தனை வருடமும். இதற்குள் எத்தனை ஜோடிகளுக்கு அறுபது ஒட்டியிருக்கிறோம், அதில் எத்தனை பேர் எடுத்துவிட முடியுமா என்று கேட்டு வரப்போகிறார்கள் என்ற நினைப்பு முதல்முறையாக அவளுக்கு வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். தட்டோடு வந்தபோது இருந்த முகம் அல்ல அது. அதை மாற்றத் தான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

"ரெஜினா" என்றாள். "மீதிக் கட்டியை எடுத்துட்டு வா."

வெட்டும் பொறி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. நாற்காலியில் சாய்வது இத்தனை வருடத்தில் மரகதத்துக்கு மூன்றாம் முறை. ரெஜினா ஊமைப்பல்லை நீக்கி, ரப்பர் விரிப்பை மாட்டினாள். "எந்த முறையில மேடம்?" என்றாள்.

வாயில் விரிப்போடு அவளால் பேச முடியவில்லை. நித்திலா பக்கத்தில் நின்று பதில் சொன்னாள். "எனக்கு இவங்க எப்படி வெச்சாங்களோ, அப்படி."

ரெஜினா கைச்சுத்தக்காரி. ஒரு படியையும் விடவில்லை. மணல்தூவி, சுத்திகரிப்புப் பசை, இருமுறை பூச்சு, ஒரு முழு நிமிடம், கிளிசரின். ஒளியை அணைத்துவிட்டு மானியைப் பார்த்து எண்ணைச் சொன்னாள். மரகதம் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அளவு தெரியும்.

அவர்கள் இருவரும் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே காரின் கதவு இரண்டு முறை சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த ஜோடி உள்ளே வந்தது. ஈரோட்டுக்காரர்கள். பெண் வெட்கப்பட்டு நிற்க, பையன் முந்திக்கொண்டான்.

"மேடம், எங்களுக்கும் அறுபது வருமுங்களா? வராட்டி எங்க மாமனாரு பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேங்கறாரு."

மரகதம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் இடது கடைவாய் கனத்தது. ஒருமுறை. பிறகு இன்னொரு முறை. மூன்றாவது கொஞ்சம் நீண்டு. வால்வைத் திருகித் திருகி அழுத்தம் ஏற்றுவது போல அளந்து வந்த கடி. அதற்கு அடியில், தனியாக, அசையாமல், கல்லைத் தூக்கி வைத்தது போல வேறொரு கனம். பதினொரு மாதம் அவள் காத்திருந்தும் வராதது.

"உங்களுக்கு உடம்புக்கு முடியலீங்களா மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா. உக்காருங்க."

கடி மறுபடியும் தொடங்கியது. நாளைக்கும் தொடங்கும். அறுபதாவது வயதிலும் தொடங்கும். மரகதம் திரும்பி நின்று, கையுறை எடுக்கிற சாக்கில் மேசையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பல்லைக் கடித்தாள்.

பதில் உடனே வந்தது. இரண்டு பேரிடமிருந்தும்.